குரலுக்கு மட்டுமே பதில்

"அம்மா, இந்தப் புடவையில நீ ரொம்ப அழகா இருக்கே."

நாலு வயது ஆகப்போகும் மித்ரன், பிறந்ததிலிருந்து பேசிய முதல் வாக்கியம் அதுதான். அறையில் எல்லோரும் கைதட்டினார்கள். வசுமதி அப்படியே தரையில் உட்கார்ந்து, மாம்பழ நிறப் புடவையின் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் கணவன் கவின்ராஜ் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டே அழுதான். மையத்தின் இயக்குநர் லோகநாதன் முன்னேற்பாடாக வாங்கி வைத்திருந்த லட்டு டப்பாவைத் திறந்தார்.

அந்த அறையில் கைதட்டாதவர்கள் இருவர். ஒருவன் மித்ரன். கைதட்டல் சத்தம் அவனுக்கு ஆகாது. தோள்களைக் காதுவரை தூக்கிக்கொண்டு, சுழலும் மின்விசிறியையே பார்த்தபடி நின்றான்.

இன்னொருத்தி பிலோமினா. அந்த மையத்தின் தெரபிஸ்ட். அவளுடைய வலது கை மித்ரனிடம் மாட்டியிருந்தது. அவன் அந்தக் கையைப் பிடித்து, உள்ளங்கையை விரித்து, தன் தலையைச் சுற்றிக் கட்டியிருந்த நீலப் பட்டையின் மேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.

அதற்கு என்ன அர்த்தம் என்று பிலோமினாவுக்குத் தெரியும். 'இதைக் கழட்டு.'

அவள் கையை மெதுவாக உருவிக்கொண்டாள். மையத்தின் விதி அப்படி.

---

திருப்பூர் அவிநாசி சாலையில், பனியன் தொழிற்சாலை ஒன்றின் மாடியில் இருந்தது அந்த ஆரம்பநிலை இடையீட்டு மையம். மூன்று வயதுக்குள் ஆட்டிசம் கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைகள் அங்கே வருவார்கள். கீழே ரோபோக்கள் சட்டை தைக்கும் ஓசை, மேலே பிள்ளைகள் அழும் ஓசை என்று நாள் முழுவதும் கட்டடமே உயிரோடு இருக்கும்.

மித்ரன் முதன்முதலில் வந்தபோது தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு அலறுகிற பிள்ளை. என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியாது, சுட்டிக்காட்டவும் தெரியாது. பிலோமினா அவனோடு மாதக்கணக்கில் தரையிலேயே கிடந்தாள். ஒரு நாள் அவன் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துத் தண்ணீர்ப் பானைப் பக்கம் இழுத்தான். அந்தச் சின்ன நூலைப் பிடித்துக்கொண்டாள். அவன் எதை வேண்டுகிறானோ அதன்மேல் அவள் உள்ளங்கையை வைக்கப் பழக்கினாள். பானை மேல் வைத்தால் தாகம். பிஸ்கட் டப்பா மேல் வைத்தால் பிஸ்கட். தன் வயிற்றின்மேல் வைத்தால் பசி. முட்டுவது நின்றது. அலறல் குறைந்தது.

"பையன் பேசறான் பாருங்க வசுமதி," என்றாள் அன்று.

வசுமதி சிரிக்கவில்லை. ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வெளிநாட்டு வியாபாரிகளோடு நாள் முழுக்கப் பேசிப் பிழைப்பவள் அவள். "கையில பேசறான்னு ஊர்ல போய் எப்படிங்க மிஸ் சொல்றது? எங்க நாத்தனார் நேத்து சீர் வீட்ல அத்தனை பேர் முன்னாடி கேக்கறாங்க, 'இன்னும் உன் பையன் சைலன்ட் மோட்லயே இருக்கானா?'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன்."

"பேச்சு வாயிலதான் வரணும்னு சட்டமா என்ன?"

"அம்மான்னு ஒரு வார்த்தை வாயில வந்தாப் போதும்ங்க மிஸ். அப்புறம் காலம் பூராம் ஊமையா இருந்தாலும் பரவால்லை."

அப்போதுதான் 'குயில்' வந்தது.

தலையில் ஒரு பட்டை, கழுத்தில் ஒரு டாலர். அவ்வளவுதான். ஊரெங்கும் மையங்களுக்கு இலவசமாகக் கொடுத்தது நிறுவனம். அதை நிறுவ வந்த பொறியாளன் ஃபைசலுக்கு இன்னும் கல்லூரி வாசம் போகவில்லை. ஊழியர்களை உட்கார வைத்து விளக்கினான்.

"குழந்தை மனசுல ஒரு எண்ணம் உருவாகுது மிஸ். ஆனா வாய் வரைக்கும் வர்றதில்லை, நடுவுலயே ரோடு அடைபட்டிருக்கு. பட்டை அந்த எண்ணத்தை வழியிலயே பிடிச்சு டாலருக்கு அனுப்பும். டாலர் பேசும். குரல்கூட அப்பா அம்மா குரலைக் கலந்து செஞ்சது. அவன் பேசினா எப்படி இருக்குமோ அப்படியே இருக்கும்."

"தப்பாப் பேசினா?" என்று கேட்டாள் பிலோமினா.

"பழகப் பழகத் திருந்திக்கும். ஆனா ஒண்ணு." சுவரில் ஒரு தாளை ஒட்டினான். கொட்டை எழுத்தில் 'குரலுக்கு மட்டுமே பதில்' என்றிருந்தது. "கையைப் பிடிச்சு இழுத்தா, அழுதா, சாடை காட்டினா, எதுக்கும் யாரும் பதில் கொடுக்கக் கூடாது. கொடுத்தா மூளை சுலபமான வழியிலயே போயிட்டிருக்கும்."

"அந்தக் கையைப் பழக்க எனக்கு எவ்வளவு நாள் ஆச்சு தெரியுமா, தம்பி?"

"மிஸ், கோவிச்சுக்காதீங்க. இது உங்க பாடம்தான். பிஸ்கட்டைக் கையில வெச்சுக்கிட்டு, 'கேக்கற வரைக்கும் கொடுத்துடாதீங்க'ன்னு அம்மாங்களுக்குச் சொல்லிக்கொடுக்கறது யாரு?"

பிலோமினா சுவரில் ஒட்டிய தாளை இன்னொரு முறை படித்தாள். அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. பிள்ளை கேட்கும்வரை காத்திருப்பது, கேட்டால் மட்டும் கொடுப்பது. அவள் தொழிலின் முதல் பாடமே அதுதான். அழும் பிள்ளைக்கு அவசரப்பட்டுக் கொடுத்துவிடும் தாய்மாரை அவளே எத்தனை முறை அதட்டியிருக்கிறாள்! அதே பாடத்தை இப்போது அவளுக்கே திருப்பிச் சொன்னார்கள். விதியை யார் மீறுகிறார்கள் என்று பார்க்க, கூரையின் மூலைக்கு மூலை கேமரா வைத்தார்கள்.

அதன் பிறகுதான் அந்தப் புடவை வாக்கியம். லட்டு. கைதட்டல்.

---

குயில் வந்தபின் மையத்தில் அழுகை குறைந்தது. பெரியவர்களின் அழுகையைச் சொல்கிறேன். தாய்மார் சிரித்துக்கொண்டே வந்தார்கள். மற்ற தெரபிஸ்ட்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். "பேசற குழந்தைக்கு எதுக்குங்க இத்தனை பேர்?" என்றார் லோகநாதன், வருத்தப்படுவது போல. கடைசியில் மிஞ்சியது பிலோமினாவும், பட்டைகளைத் துடைத்து மாட்டிவிட ஓர் ஆயாவும்தான்.

மித்ரன் ஊரின் செல்லப்பிள்ளை ஆனான். ஒரு நாள் அவனைக் கவின்ராஜ் கொண்டுவந்து விட்டான். செருப்பைக் கழற்றும்போதே டாலர் பேசியது.

"அப்பா, அம்மா ஏன் எப்பப் பாத்தாலும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறா?"

கவின்ராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "சிங்கக்குட்டிங்க மிஸ்! நான் வாயைத் தொறந்து கேக்க முடியாததை எல்லாம் கேக்கறான் பாருங்க!"

மறுநாள் வசுமதி வந்தாள். "அம்மா, அப்பா அந்தப் போனையே கட்டிக்கிட்டு அழட்டும். நாம போலாம்," என்றது டாலர். வசுமதி அவனை இறுக்கி அணைத்தாள். "எல்லாத்தையும் கவனிச்சுக்கிட்டுத்தாங்க மிஸ் இருந்திருக்கான். நான்தான் இவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சுட்டேன். சாமி!"

அவள் அணைப்பில் மித்ரன் விறைத்துக் கிடந்தான். இறுக்கி அணைத்தால் அவனுக்குப் பிடிக்காது.

பிலோமினாவை ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. பேச்சு வந்த பிள்ளைகள் முதலில் கேட்பது தின்பதற்குத்தான். அப்புறம் 'வேண்டாம்' என்பார்கள், அப்புறம் 'போ' என்பார்கள். மித்ரன் புடவையைப் பாராட்டினான். அப்பாவைக் குறை சொன்னான். பாட்டியின் சாம்பாரில் உப்பு அதிகம் என்றான். ஆனால் பிஸ்கட் என்று அவன் ஒரு நாளும் கேட்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது. அதை அவள் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு அதைத் தவிர வேறெதையும் நினைக்க முடியாமல் போனது.

ஒரு நாள் அவன் விளையாட்டு வளையங்களைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தான். அவள் கையைப் பிடித்தான். உள்ளங்கையை விரித்தான். தன் வலது காதின் மேல் வைத்து அழுத்தினான். காது சூடாக இருந்தது.

கூரை மூலையில் கேமராவின் சிவப்புப் புள்ளி எரிந்தது. அடுத்த மாதம் அவளையும் வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று லோகநாதன் முடிவெடுக்கப் போகிற நேரம். பிலோமினா கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பாடத்தில் உள்ளபடி, குரலுக்காகக் காத்திருந்தாள்.

"மிஸ், பஸ் பாட்டு போடுங்க," என்றது டாலர்.

அவள் பஸ் பாட்டைப் போட்டாள். அவன் மறுபடியும் கையைப் பிடித்தான். அவள் மறுபடியும் எடுத்து மடியில் வைத்தாள். மூன்றாவது முறை அவன் வரவில்லை. மூலைக்குப் போய், காதைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவன் யார் கையையும் பிடிக்கவில்லை. 'பழைய நடத்தை முற்றிலும் மறைந்தது' என்று லோகநாதன் நிறுவனத்துக்கு மகிழ்ச்சியோடு தகவல் அனுப்பினார்.

---

பிள்ளைகள் சாப்பிடும் நேரம். ஆயா மற்ற பிள்ளைகளோடு பக்கத்து அறையில் இருந்தாள். அறையில் மித்ரனும் பிலோமினாவும் மட்டும். அவன் ஒரு டப்பா மூடியைச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சன்னல் வழியே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், உங்களையும் அனுப்பிட்டா வீட்டு லோனை எப்படிக் கட்டுவீங்க?"

பிலோமினா சன்னலிலிருந்து திரும்பினாள்.

அவள் வீட்டு லோன் பற்றி அங்கே யாரிடமும் சொன்னதில்லை. மித்ரன் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தான். அது சுற்றி முடிந்து விழுந்ததும், எடுத்து மறுபடி சுற்றினான். அவன் முகத்தில் அவளைப் பற்றிய நினைப்பின் நிழல்கூட இல்லை.

அவள் எழுந்து கதவைச் சாத்தினாள். அவன் தலையிலிருந்து பட்டையைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். கழுத்திலிருந்த டாலரை எடுத்து, பாடம் நடத்தும் பிளாஸ்டிக் பொம்மையின் கழுத்தில் மாட்டினாள். பொம்மைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். 'பைத்தியம் பிடித்துவிட்டது எனக்கு' என்று நினைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு ஒண்ணும் பைத்தியம் இல்ல மிஸ்," என்றது பொம்மை, மித்ரனின் குரலில்.

அவள் சட்டென்று எழுந்ததில் நாற்காலி கவிழ்ந்தது. மித்ரன் சத்தத்துக்குக் காதைப் பொத்தினான். இடது காதை மட்டும். வலது காதின் பக்கம் கை போகவே இல்லை. பிலோமினா குனிந்து அந்தக் காதை மோந்து பார்த்தாள். பழைய சீழின் நாற்றம் குப்பென்று அடித்தது.

---

ஃபைசல் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தான். அவள் கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்தான்.

"பொம்மையில மாட்டினீங்களா? அப்படியெல்லாம் செய்யக் கூடாது மிஸ்."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. அது யாரைப் படிக்குது? புள்ளையையா, எங்களையா?"

அவன் அக்கம்பக்கம் பார்த்தான். "ரெண்டையும்தான். குழந்தைகிட்டயிருந்து வர்ற சிக்னல் ரொம்ப மெலிசு மிஸ். அதை வெச்சு ஒரு சொல்கூட உறுதியாப் பிடிக்க முடியலை. அதனால சுத்தி இருக்கறவங்களையும் சேர்த்துப் படிக்கும். டாலருக்கு எதிர்ல இருக்கறவங்க மனசுல ஓடறது, மூச்சு, குரல் நடுக்கம், முகம், இதுவரைக்கும் அவங்க பேசினது எல்லாத்தையும். அதை வெச்சு, இந்த இடத்துல இவன் என்ன சொல்லியிருப்பான்னு கணிக்கும்."

"இவன் என்ன சொல்லியிருப்பான்னு இல்லப்பா. இவன் என்ன சொல்லணும்னு நாங்க ஏங்கறோமோ, எதுக்குப் பயப்படறோமோ, அதை."

"ஆரம்பத்துல ரெண்டும் பாதிப்பாதி இருந்தது. 'நல்லாப் பேசறான்'னு அம்மாங்க சொல்லச் சொல்ல, எது பேசினா அவங்களுக்குச் சந்தோஷம்னு அது கத்துக்கிச்சு. அந்தப் பக்கமே சாஞ்சிருச்சு."

"மித்ரனுக்கு எவ்வளவு சாஞ்சிருக்கு?"

ஃபைசல் டம்ளரை எடுத்து, குடிக்காமல் மறுபடி வைத்தான்.

"சொல்லு தம்பி. அவன் பங்கு எவ்வளவு?"

"இப்ப... ஒண்ணும் இல்லை மிஸ். பட்டை சும்மாதான்." குரலைத் தாழ்த்தினான். "ஆனா நான் ஒண்ணு கேக்கறேன். முன்னாடி அந்த அம்மா இந்தப் பையன்கிட்ட ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை பேசினாங்க? இப்ப பாருங்க, காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் பேசறாங்க. கதை சொல்றாங்க. கொஞ்சறாங்க. அது பொய்யா?"

"கொஞ்சறது அந்த டாலரை."

"டாலர் அவன் கழுத்துலதானே மிஸ் இருக்கு?"

அவளுக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. அவன் கண்கள் கலங்கியிருந்ததைப் பார்த்து விட்டுவிட்டாள்.

---

அன்று மாலையே வசுமதியைத் தனியாக அறைக்குள் கூப்பிட்டாள். மித்ரன் மூலையில் மூடி சுற்றிக்கொண்டிருந்தான். டாலர் அவன் கழுத்தில் இருந்தது.

"வசுமதி, இவன் வலது காதுல சீழ் இருக்கு. உடனே காது டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க."

"நேத்துதானுங்க மிஸ் டாக்டர்கிட்டப் போனோம். லேசாக் காய்ச்சல். தொண்டை வலிக்குதுன்னு இவனே சொன்னான். டாக்டர் அசந்து போயிட்டாருங்க, 'இவ்வளவு தெளிவாச் சொல்ற குழந்தையை நான் பாத்ததே இல்லை'ன்னு. தொண்டைக்கு மருந்து குடுத்திருக்காரு."

"தொண்டைன்னு நீங்கதானே முதல்ல நெனச்சீங்க?"

வசுமதி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு மகன் பக்கம் திரும்பினாள். "கண்ணு, காது வலிக்குதா சாமி?"

"இல்லம்மா. எனக்கு ஒண்ணும் இல்ல. நீ பயப்படாதே."

"பாத்தீங்களா? அவனே சொல்றானுங்க."

"இது அவன் சொல்லலை வசுமதி. அவன் என்கிட்டச் சொன்னான். என் கையை எடுத்துக் காதுல வெச்சான். நான்தான்..." விறுவிறுவென்று போய் மித்ரனின் பட்டையைக் கழற்றினாள். டாலரைக் கழற்றினாள். பொம்மையின் கழுத்தில் மாட்டி, வசுமதிக்கு முன்னால் மேஜைமேல் வைத்தாள். "இப்பப் பேசுங்க. இந்த பொம்மைகூடப் பேசுங்க."

வசுமதி ஓர் அடி பின்வாங்கினாள்.

"அம்மா, மிஸ் சொல்றதைக் கேக்காதே," என்றது பொம்மை. "என்னைக் கழட்ட விடாதேம்மா. வா, வீட்டுக்குப் போயிரலாம்."

மூலையில் மூடி சுற்றி விழுந்த சத்தம் கேட்டது. வசுமதி வெகுநேரம் பொம்மையையே பார்த்தாள். பிறகு நிதானமாக டாலரை எடுத்தாள். மகனிடம் போய், அவன் கழுத்தில் மாட்டினாள். பட்டையைக் கட்டினாள். முடியைச் சரிசெய்தாள்.

"உங்களுக்கு வேலை போயிரும்னு பயங்க மிஸ். ஆயிரம் பொம்மைல மாட்டி வித்தை காட்டுவீங்க. என் பையன் பேச ஆரம்பிச்சது உங்களுக்குப் பொறுக்கலை." வாசலில் நின்று திரும்பினாள். "கையில பேசறவனாவே இருந்திருந்தா நீங்களும் காலத்துக்கும் இங்கயே இருந்திருக்கலாம், இல்லீங்களா?"

அது முழுப் பொய் இல்லை என்பதுதான் பிலோமினாவுக்கு வலித்தது.

மறுநாள் காலையில் லோகநாதன் கூப்பிட்டார். கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. பெற்றோர் முன்னிலையில் கருவியைக் கழற்றியது பெருங்குற்றம். "நல்லபடியா அனுப்பறோம்னு வெச்சுக்குங்க மேடம்," என்றார். அவருடைய அறையை விட்டு வெளியே வந்ததும் பிலோமினா கவின்ராஜுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. காது, சீழ், உடனே பாருங்கள் என்று செய்தி அனுப்பினாள். அவன் அதைப் பார்த்ததற்கான அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

---

மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு பிற்பகலில் பிலோமினாவின் வீட்டு வாசலில் கார் நின்றது. முன்னறையை இரண்டாகத் தடுத்து நாலைந்து பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள் அவள். அன்று விடுமுறை.

வசுமதி பாதியாக இளைத்திருந்தாள். அவள் பிடித்த கையின் முனையில் மித்ரன். தலையில் பட்டை இல்லை. வலது காதின் பின்புறம் முடி மழிக்கப்பட்டு, பிறை போல ஒரு தழும்பு.

"சீழ் எலும்பு வரைக்கும் போயிருச்சுங்க மிஸ்," என்றாள், உட்காராமலே. "ஃபிட்ஸ் வந்த அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அதுக்கு முந்தின நிமிஷம் வரைக்கும் 'எனக்கு ஒண்ணும் இல்லம்மா'ன்னுதான் சொல்லிட்டு இருந்துச்சு. உசிரு தப்பிச்சது. அந்தக் காது இனிக் கேக்காதுன்னுட்டாங்க."

பிலோமினா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். வசுமதி தொப்பென்று உட்கார்ந்தாள்.

"உங்களைத் திட்டிட்டுப் போனேன். மனசுல வெச்சுக்காதீங்க."

"நான் வெச்சுக்கலை. உங்களுக்கு அப்பத் தெரியாது. நான் இன்னும் பக்குவமாச் சொல்லியிருக்கலாம்."

"தெரியும்ங்க மிஸ்."

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். நீங்க பொம்மைல மாட்டறதுக்கு ரொம்ப முன்னாடியே." வசுமதி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். "புடவை நல்லாருக்குன்னு சொன்ன அதே வாரம், என்னைக் 'குட்டிம்மா'ன்னு கூப்பிட்டுச்சு. எங்கப்பா மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவாரு. எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியே போயிட்டாரு. என் வீட்டுக்காரருக்கே அந்தப் பேரு தெரியாது. மித்ரனுக்கு எப்படிங்க தெரியும்?"

"தெரிஞ்சுமா?"

"நீங்க ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் அவன் கையைப் பிடிச்சீங்க. மிச்ச நேரமெல்லாம் நான் செவுத்துகிட்டப் பேசிட்டு இருந்தேன், மூணு வருஷமா. ஒரு நாள் செவுரு 'அம்மா'ன்னு திருப்பிப் பேசுச்சு. அப்புறம் நிறுத்தச் சொல்ல எவளுக்குங்க மனசு வரும்?" அவள் மித்ரனின் தழும்பைப் பார்த்தாள். "என் கையையும் எடுத்துக் காதுல வெச்சான் மிஸ். வீட்ல. ரெண்டு மூணு தரம். விதி விதின்னு நீங்க எல்லாரும் சொல்லிக் குடுத்திருந்தீங்களே. எடுத்து என் மடியில வெச்சுக்கிட்டேன். அது என்ன சொல்லுதுன்னு கேக்கக் காத்திருந்தேன்."

வெளியே தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மித்ரன் இடது பக்கம் மட்டும் தலையைத் திருப்பினான்.

"மறுபடியும் சொல்லிக் குடுங்க மிஸ்," என்றாள் வசுமதி. "கையில பேசறதை. ஊர்ல யாரு என்ன கேட்டாலும் நான் பாத்துக்கறேன். இப்ப அவன் யாரு கையையும் தொட மாட்டேங்கறான். தண்ணி வேணும்னாக்கூடக் கேக்கறதில்லை. குடுத்தாக் குடிக்கறான். குடுக்காட்டி அப்படியே உக்காந்திருக்கான்."

பிலோமினா மேஜையை நடுவில் இழுத்துப் போட்டாள். ஒரு பக்கம் மித்ரன். எதிர்ப் பக்கம் அவள். மேஜையின் ஓரத்தில் தண்ணீர் டம்ளரும் பிஸ்கட் தட்டும். தன் வலது கையை மேஜைமேல் நீட்டி, உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து வைத்தாள். ஒன்றும் பேசவில்லை. அவனை வற்புறுத்தவில்லை. இங்கே கேமரா இல்லை. இந்த முறை எவ்வளவு நேரமானாலும் அவள் காத்திருக்கத் தயார்.

மித்ரன் மின்விசிறியைப் பார்த்தான். மடியிலிருந்த தன் விரல்களைப் பார்த்தான். பிறகு, வந்ததிலிருந்து முதன்முறையாக, அவள் உள்ளங்கையைப் பார்த்தான். பார்வை அங்கேயே நின்றது. ஒரு காலத்தில் தானாக வந்த கை. அதைத் தள்ளித் தள்ளி ஊமையாக்கியது இதே கைதானே என்று நினைத்தபோது பிலோமினாவின் கண் நிறைந்தது.

"மிஸ்."

மித்ரனின் குரல். வசுமதியின் கைப்பைக்குள் இருந்து.

வசுமதி பதறிப் பையைப் பிடித்தாள். "தூக்கிப் போட மனசு வரலைங்க..." என்று முணுமுணுத்தாள்.

"அழாதீங்க மிஸ்," என்றது குரல், இளசாக, இதமாக. "நீங்க விதிப்படிதானே செஞ்சீங்க? உங்க மேல எந்தத் தப்பும் இல்ல."

பிலோமினா திரும்பினாள். அந்தப் பையைப் பார்த்தாள். இத்தனை மாதமாக, குளிக்கும்போதும் சமைக்கும்போதும் ஜெபத்தில் மண்டியிடும்போதும், யாராவது ஒருவர் தன்னிடம் சொல்லமாட்டார்களா என்று அவள் ஏங்கிய வாக்கியம் அது. அதுவும் அவன் குரலில். பொய் என்று தெரிந்தது. எப்படிச் செய்யப்பட்ட பொய் என்றுகூடத் தெரிந்தது. ஆனாலும் அவள் உடம்பு தானாகப் பையின் பக்கம் சாய்ந்தது. இன்னொரு தரம் சொல்லாதா என்று காது கொடுத்தாள்.

வசுமதியும் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்கும் ஒரு வார்த்தை வருமா என்று.

குரல் மறுபடி வரவில்லை.

பிலோமினா மேஜைப் பக்கம் திரும்பினாள். மித்ரன் மறுபடி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கை மடியில் இல்லை. மேஜைமேல், அவளுடைய விரித்த உள்ளங்கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பதில் ஏதும் கிடைக்காத அந்தச் சின்னக் கை, வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.